கட்டிடம் கைமாறலாம், கடை தெருவுக்கு வரத் தேவையில்லை

சென்ற மாதம் ஓர் இரவு, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்த கையோடு, அடுத்த தெருவில் ஹார்ட்வெயார் நடத்தும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு கடிதம். கட்டிடச் சொந்தக்காரர் மௌத்தாகி ஒரு வருடமாகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். கட்டிடத்தை விற்கப் போவதாகவும், வாங்க வருபவர் ஆளில்லாமல் காலியாகவே கேட்பதாகவும், ஆகவே மாத முடிவுக்குள் திறப்பைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

இருபத்தாறு வருடம் அந்த இடத்தில் இருந்த மனிதர். "நானா, கடனுக்கு இறக்கின சீமெந்தும் கம்பியும் கடை நிறையக் கிடக்குது. எங்க கொண்டுபோய்ப் போட?" என்றார்.

"கடிதத்தில கையெழுத்து வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. புரோக்கர் நாளைக்கு ஒரு பேப்பரோட வாறாராம்."

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். காரணம், இதே கதையை நான் என் வாப்பாவின் கடையில் பார்த்தவன்.

மலைநாட்டு நகரமொன்றில் வாப்பா புடவைக் கடை வைத்திருந்தார். மாத வாடகை. எழுத்தில் எதுவுமில்லை. சொந்தக்காரரும் வாப்பாவும் ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள். ரிசீட் கேட்பதே மரியாதைக் குறைவு என்று வாப்பா நினைத்தார். ஒருநாள் கட்டிடம் விற்கப்பட்டது. புதியவர் வந்து வாடகை கேட்டார். "உன்னை எனக்குத் தெரியாது" என்று வாப்பா கோபத்தில் வாடகையை நிறுத்தினார். அதுதான் அவர் செய்த பிழை. கட்டிடம் விற்கப்பட்டதற்காக வாப்பா வெளியேற்றப்படவில்லை. வாடகை பாக்கிக்காகத்தான் வெளியேற்றப்பட்டார். கட்டிய பழைய வாடகைக்கும் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்கவில்லை.

எம்மவர்களில் பலர் இன்றும் வாப்பாவைப் போலத்தான் நடக்கிறார்கள். ஆகவே சில விடயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, விற்பது சொந்தக்காரரின் உரிமை. அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் விற்பனை நடந்த மாத்திரத்தில் வாடகைக்காரரின் உரிமை செத்துப்போவதில்லை. எமது நாட்டில் காணி விடயங்களில் நடைமுறையிலிருக்கும் ரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய விதி, குத்தகை விற்பனைக்கு முந்தியது என்பதாகும். கட்டிடத்தை வாங்குபவர் அதிலிருக்கும் குத்தகையையும் சேர்த்தே வாங்குகிறார். பழைய சொந்தக்காரரின் இடத்துக்கு அவர் வருகிறாரே தவிர, அவருக்கு இல்லாதிருந்த ஓர் உரிமையோடு வருவதில்லை.

இரண்டாவது, 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம். இச்சட்டத்துக்கு உட்பட்ட கட்டிடமாயின், எந்தெந்தக் காரணங்களுக்காக வெளியேற்ற வழக்குப் போடலாம் என்று 22ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. வாடகை பாக்கி உண்டு. கட்டிடத்தைச் சேதப்படுத்துவது உண்டு. சொந்தக்காரருக்கு நியாயமான தேவை இருப்பது உண்டு. "விற்கப் போகிறேன்" என்பது அந்த வரிசையில் இல்லை. அதுமட்டுமல்ல, நீங்கள் வாடகைக்கு வந்த பின்னர் கட்டிடத்தை விலைக்கு வாங்கிய ஒருவர் "எனக்குத் தேவைப்படுகிறது" என்ற காரணத்தை வைத்து வழக்குப் போடவும் அதே பிரிவு தடை போடுகிறது. காலிக் கட்டிடத்துக்கு ஒரு விலையும் ஆளிருக்கும் கட்டிடத்துக்கு ஒரு விலையும் பேசப்படுவது இதனால்தான். உங்களை அவசரப்படுத்தும் கடிதத்துக்குப் பின்னால் இருப்பது அந்த விலை வித்தியாசம்.

ஆனால் எல்லாக் கடைக்கும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்டுப் பெறுமதி ஒரு வரம்பைத் தாண்டிய வர்த்தகக் கட்டிடங்கள் இச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. 2002ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கத் திருத்தம் பாதுகாப்பை இன்னும் சுருக்கியது. சட்டத்துக்கு வெளியேயுள்ள மாத வாடகையை ஒரு முழு மாத அறிவித்தலோடு முடித்துவிட முடியும். அப்போதும்கூட, நீங்கள் போக மறுத்தால் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்களை வெளியே தள்ள முடியாது. உங்கள் கட்டிடம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதை நகர சபையிலோ மாநகர சபையிலோ ஆண்டுப் பெறுமதிப் பத்திரத்தை எடுத்து, ஒரு சட்டத்தரணியிடம் காட்டி இப்போதே அறிந்துகொள்ளுங்கள். வாடகைச் சட்டத்தை மாற்றும் பேச்சும் நெடுங்காலமாக நடந்துவருவதால், அன்றைய நிலையைக் கேட்டுவிட்டே காலடி எடுத்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, லீஸ் எடுத்தவர்களுக்கு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் முதல் இருந்துவரும் விதி. முத்திரை ஒட்டிய சாதாரணக் கடதாசியில் ஐந்து வருடம் என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டால் அது ஐந்து வருடக் குத்தகை ஆகாது. நொத்தாரிசு எழுதினாலும் வேலை முடியவில்லை. அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதியாத குத்தகை உறுதி, பின்னர் கட்டிடத்தை வாங்கித் தன் உறுதியைப் பதிந்துகொண்டவருக்கு எதிராக எடுபடாமற் போகலாம். பதிவுச் செலவை மிச்சம் பிடித்து, லட்சக்கணக்கில் ராக்கையும் சீலிங்கும் அடித்த கடையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

லீஸ் காலம் முடிந்த பிறகு "பார்த்துக்கொள்ளலாம்" என்று உட்கார்ந்திருப்பதும் இனிச் சரிவராது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்த கட்டிடத்தைச் சொந்தக்காரர் சுருக்க நடைமுறையில் மீட்க வழி செய்திருக்கிறது. காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே புதுப்பித்தலைப் பேசத் தொடங்குங்கள்.

நான்காவது, வாடகையை ஒருபோதும் நிறுத்த வேண்டாம். புதிய சொந்தக்காரர் வந்தால் உறுதியின் பிரதியைக் கேளுங்கள். பழையவரிடமிருந்தும் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொண்டு வாடகையைக் கட்டுங்கள். எவரும் வாங்க மறுத்தால், வாடகைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின் கீழ் உள்ளூராட்சி சபையில் கட்டி ரிசீட் எடுக்கலாம். சொந்தக்காரர் ரிசீட் தர மறுத்தால் காசோலையால் கட்டுங்கள்; அல்லது வங்கியில் வைப்பிலிட்டு அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அதேபோல, எழுத்து மூல அனுமதியின்றி கடையின் ஒரு மூலையைக்கூட வேறொருவருக்கு வாடகைக்கு விடாதீர்கள். மச்சானுக்கு ஃபோன் கார்ட் விற்க ஒரு மேசை போட இடம் கொடுத்ததே வழக்கில் உள்வாடகை என்று எழுந்து நிற்கும்.

ஐந்தாவது, கதவுக்கு வேறு பூட்டுப் போட்டால், சாமானை வெளியே இறக்கினால், கைகலப்புக்குப் போகாதீர்கள். உடனே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில், பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் உடைமையைத் திரும்பப் பெற இடமுண்டு. வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போய்விட வேண்டும். சமரசம் பேசுகிறோம் என்று அந்த இரண்டு மாதத்தைக் கடத்திவிடுவதுதான் எதிர்த்தரப்பின் பழைய தந்திரம்.

இவ்வளவும் சொன்ன நான் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு தேநீர் குடிக்கப் போதாத வாடகையைக் கொடுத்துக்கொண்டு, நகரின் நடுவில் லட்சக்கணக்கில் வியாபாரம் செய்து, சொந்தக்காரரின் விதவை மனைவி கூரையைத் திருத்தக்கூட வழியில்லாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போரும் எம்மிடையே இருக்கிறார்கள். சட்டம் இடம் கொடுக்கிறது என்பதால் அது நியாயமாகிவிடாது. அத்தகைய சொந்தக்காரர் ஒருநாள் வாய்ப்புக் கிடைத்ததும் விற்றுவிட்டுப் போகத்தான் பார்ப்பார். நியாயமான வாடகை கொடுத்து வந்தவரிடம்தான், "நீங்களே வாங்கிக்கொள்ளுங்களேன்" என்று முதலில் வந்து கேட்பார்கள். வாடகைக்காரர் என்பதற்காக முதலில் வாங்கும் உரிமை தானாக வருவதில்லை. அதைக் குத்தகை உறுதியில் ஒரு வாசகமாக எழுதிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் நல்லுறவால் சம்பாதிக்க வேண்டும்.

போவதென்று முடிவெடுத்தாலும் கணக்கோடு போங்கள். சாமான் விற்க எத்தனை மாதம், வேறு இடத்துக்கு எவ்வளவு கீ மணி கேட்கிறார்கள், செய்த பலகை வேலைக்கு எவ்வளவு, வாடிக்கையாளர் குறைவதால் எவ்வளவு என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதன்பின் சட்டத்தரணியை வைத்துப் பேசி, உடன்பாட்டை எழுத்தில் கொண்டுவாருங்கள். பணம் கைக்கு வரும் நேரமும் திறப்பைக் கொடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். புரோக்கர் நீட்டும் பேப்பரில், அதுவும் எழுதாத பேப்பரில், ஒருபோதும் ஒப்பமிடாதீர்கள்.

அன்று வந்த நண்பர் மறுநாள் புரோக்கருக்குக் கையெழுத்து வைக்கவில்லை. அந்த மாத வாடகையை வங்கியில் கட்டினார். சட்டத்தரணி மூலம் ஒரு பதில் போனது. இப்போது பிள்ளைகள் பன்னிரண்டு மாத அவகாசம் பற்றிப் பேசுகிறார்கள். முடிவு எப்படி வந்தாலும், சீமெந்து தெருவில் கிடக்காது.

இன்று இரவு கடையைப் பூட்டுமுன் மேசை லாச்சியைத் திறந்து பாருங்கள். சென்ற வருட வாடகைக்குப் பன்னிரண்டு ரிசீட்டும் இருக்கிறதா? இல்லையென்றால், உங்கள் வேலை நாளைக் காலையே தொடங்குகிறது.