லேகியம் இருக்கட்டும், மாத்திரையை விடாதீர்கள்!

ஏழு மாத கர்ப்பிணி ஒருத்தி மாமியாரோடு என்னிடம் வந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 கிராம். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான்.

"இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறியாம்மா?" என்றேன். பதில் சொன்னது மாமியார். "அதைச் சாப்பிட்டா குழந்தை கறுத்துடும்னாங்க. நீங்க லேகியம் குடுங்க டாக்டர்."

குழந்தையின் நிறம் பெற்றோர் வழியாக வருவது. மாத்திரை கறுப்பாக்குவது மலத்தை மட்டும்தான். குங்குமப்பூ நிறம் மாற்றுவதும் பாலை மட்டும்தான்!

சித்த மருத்துவனே இப்படிச் சொல்லலாமா என்கிறீர்களா? சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். சோகை பிடித்த உடம்பு அதை எப்படித் தாங்கும்? முருங்கைக்கீரையும் பேரீச்சையும் நல்லவைதான். ஆனால் 8 கிராமில் நிற்பவளுக்கு அவை மட்டும் போதாது. அவளை அன்றே மகப்பேறு டாக்டரிடம் அனுப்பினேன்.

மாத்திரையைக் காபி, டீ குடிக்கும் நேரத்தில் விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் சத்து நன்றாக உடம்பில் சேரும். கால்சியம் மாத்திரைக்கு வேறு வேளை. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் எந்த லேகியமும் வேண்டாம், நம்முடையது உள்பட.

மாமியார்களே, பிறப்பது கறுப்போ சிவப்போ, பால் கொடுக்க அம்மா தெம்போடு இருக்க வேண்டாமா? நிறத்தைப் பற்றிப் பேசிப் பேசி அந்தப் பெண்ணைப் பயமுறுத்தாதீர்கள். 'மாத்திரை போட்டாச்சாம்மா?' என்று தினமும் கேளுங்கள். அதுதான் நீங்கள் கொடுக்கும் முதல் மருந்து.