கொழுந்து பறிக்கும் கண்ணுக்கு எந்த வில்லை?

கடன் கொப்பி வைத்து வியாபாரம் செய்பவனுக்கு ஊரிலுள்ள நோய்நொடிகள் எல்லாம் தெரிந்துவிடும். எந்த லயத்தில் யாருக்குச் சீனி வியாதி, யாருக்குக் கண்புரை, யார் வீட்டுத் தோடு எந்த அடகுக் கடையில் இருக்கிறது என்பதெல்லாம் பத்தாம் திகதி சம்பளம் வந்து கணக்குத் தீர்க்கும்போது தானாகவே வெளிவரும். அண்மைக் காலமாக ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்தில் எனது காதில் அடிக்கடி விழும் வார்த்தை ‘லென்ஸ்’. கொழும்பில் வேலை செய்யும் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: “மொதலாளி, அம்மாவுக்கு அந்த ஃபோகஸ் மாறுற லென்ஸையே போட்டுருவோமா? போட்டா கண்ணாடியே தேவையில்லைங்கிறாங்க.” தாயாரின் சேமலாப நிதிப் பணம் வந்திருக்கிறது. போதாததற்குச் சங்கிலியையும் வைக்கலாம் என்பது அவரது எண்ணம்.

வியாபாரப் பக்கத்தில் கண் வைத்தியம் எதற்கு என்று சில வாசகர்கள் நினைக்கக்கூடும். நான் வைத்தியன் அல்லன். ஆனால் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு ஒரு பொருளுக்காகக் கைமாறும் இடத்தில், அந்தப் பொருள் என்ன, அது விலைக்குப் பெறுமதியா என்று விசாரிப்பது வியாபாரியின் வேலைதான்.

இறைவன் நமக்குத் தந்த கண்வில்லை மென்மையானது. தூரத்தைப் பார்க்கும்போது தட்டையாகும், கிட்டப் பார்க்கும்போது புடைக்கும். நாற்பது வயதைத் தாண்டும்போது அது இறுகுகிறது. அதையே வெள்ளெழுத்து என்கிறோம். மேலும் வயது போக அதே வில்லை மங்கிவிடுவது கண்புரை. சத்திரசிகிச்சையில் மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை ஒன்றை வைக்கின்றனர். இந்த வில்லை வளையாது, புடைக்காது. அதற்கென்று ஒரேயொரு தூரம்தான் உண்டு. பெரும்பாலும் தூரப் பார்வைக்கே அதன் பவரைத் தெரிவு செய்வார்கள். கிட்டப் பார்க்கக் கண்ணாடி வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லி வந்ததுதான் ஃபோகஸ் மாறும் வில்லை. 2003 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ‘கிரிஸ்டாலென்ஸ்’ என்ற வில்லைக்கு அனுமதி வழங்கியது. அதன் இரு பக்கங்களிலும் கதவுக் கீல் போன்ற மடிப்புகள் உண்டு. கண்ணின் தசை இறுகும்போது வில்லை சற்று முன்னே நகர்ந்து கிட்டப் பார்வையைத் தரும் என்பது கருத்து. நல்ல கருத்துத்தான். ஆனால் அது பெற்ற அனுமதியிலேயே ஏறக்குறைய ஒரு டயொப்டர் அளவு மாற்றம்தான் சொல்லப்பட்டது. புத்தகத்தைக் கையில் பிடித்து வாசிக்க இரண்டரை, மூன்று டயொப்டர் தேவை. பின்னர் கருவிகளால் அளந்து பார்த்த ஆய்வாளர்கள் அந்த ஒரு டயொப்டரைக்கூடப் பலரது கண்களில் காணவில்லை. வில்லை அமர்ந்திருக்கும் மெல்லிய பை நாளடைவில் இறுகிவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

அப்படியிருந்தும் அது எப்படி விற்றது? இதுதான் எனக்குச் சுவையான பகுதி. 2005 மே மாதம் அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்புறுதித் திட்டம் ஒரு தீர்ப்பை வெளியிட்டது. சாதாரண வில்லைக்குரிய செலவைத் திட்டம் ஏற்கும், அதற்கு மேல் விலையுயர்ந்த வில்லை வேண்டுமென்றால் வித்தியாசத்தை நோயாளி தன் பையிலிருந்து செலுத்தலாம் என்பதே அது. அன்றிலிருந்து கண்புரைச் சத்திரசிகிச்சை நிலையத்தில் ‘மேலதிக வசதி’ என்றொரு விலைப்பட்டியல் தோன்றியது. 2008இல் போஷ் அண்ட் லோம்ப் கம்பனி அந்த வில்லையைத் தயாரித்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. கார் விற்பவர் சாதாரண மொடலைக் காட்டிவிட்டு, ‘இன்னும் கொஞ்சம் போட்டால்...’ என்று இழுப்பாரே, அந்த இழுப்பு கண்ணுக்குள்ளும் வந்துவிட்டது.

அதற்குப் பின்னர் வந்த இன்னொரு வகை, வைத்த பிறகு ஒளியால் திருத்தக்கூடிய வில்லை. இதற்கு 2017 நவம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இதன் பின்னாலுள்ள இரசாயனத்தில் நோபல் பரிசு பெற்ற ரொபர்ட் கிரப்ஸ் அவர்களின் கையும் உண்டு. சத்திரசிகிச்சை முடிந்து காயம் ஆறிய பின், புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி வில்லையின் பவரைக் கூட்டிக் குறைத்து, கடைசியில் பூட்டிவிடுகிறார்கள். பெயரில் ‘திருத்தக்கூடியது’ என்றிருந்தாலும் நாளாந்தம் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் அது தானாக மாறுவதில்லை. ஒருமுறை திருத்திப் பூட்டுவதுதான். அதுவரை வெயிலின் புற ஊதாக் கதிர் படாமல் விழித்திருக்கும் நேரமெல்லாம் விசேட கண்ணாடி அணிய வேண்டும். பல தடவைகள் வைத்தியரிடம் போய்வர வேண்டும். விடிந்தால் மலையேறிப் பொழுது சாய இறங்கும் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பஸ் காசு ஒரு பக்கம், போன நாளெல்லாம் பேர் விழாது. திரவம் நிரப்பிய வில்லைகளும் பரிசோதனை நிலையில் உள்ளன. அவை சந்தைக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம்.

உண்மையில் நமது ஊர்களில் ‘ஃபோகஸ் மாறும் லென்ஸ்’ என்ற பெயரில் பேசப்படுவது பெரும்பாலும் இவை எதுவும் அல்ல, பல குவிய வில்லை. அது மாறுவதில்லை. உள்ளே வரும் ஒளியைத் தூரத்துக்கு ஒரு பங்கு, கிட்டத்துக்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுக்கிறது. வாசிப்பு, வாகனம், கணினி என்று இருப்பவர்களில் பலர் இதனால் கண்ணாடியைக் கைவிட்டுத் திருப்தியாக வாழ்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பிரித்த ஒளி பிரித்ததுதான். இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். வெளிச்சம் குறைந்த நேரத்தில் நிறத்துக்கு நிறம் உள்ள வேறுபாடு சற்று மங்கும். காலை எட்டு மணிக்கும் மூடுபனி விலகாத நுவரெலியா மலையில், ஈரப் படிகளில், பச்சைக்குள் இளம்பச்சையைத் தேடும் வேலைக்கு இது உகந்ததா? விற்பவர் யாரும் அந்த மலையில் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

கொழுந்து பறிப்பது எந்தத் தூரத்து வேலை என்பதைக் கவனியுங்கள். வாசிப்புத் தூரமும் அல்ல, பஸ் பெயர்ப்பலகைத் தூரமும் அல்ல. நீட்டிய கையின் தூரம், இரண்டடி இருக்கும். சாதாரண ஒற்றைக் குவிய வில்லையின் பவரைச் சத்திரசிகிச்சைக்கு முன் கண்ணை அளந்து வைத்தியரே தெரிவு செய்கிறார். கைத்தூர வேலைக்குச் சாதகமாக அதைச் சற்று மாற்றித் தெரிவு செய்யவும் முடியும், ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கொஞ்சம் கிட்டத்துக்குமாக அமைக்கவும் முடியும். எல்லாக் கண்ணுக்கும் பொருந்தாது, வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் தாய் என்ன வேலை செய்கிறார் என்று யாராவது அவரிடம் சொன்னால்தானே! கிளினிக்கில் வரிசை நீளம், நேரம் குறைவு, நமது மக்களோ வெள்ளைக் கோட்டைக் கண்டால் வாய் திறப்பதில்லை. அந்த இளைஞரிடம் நான் சொன்னது இதைத்தான்: சங்கிலியை அடகு வைக்க முன், அம்மா இன்னும் மலைக்குப் போகிறாரா, வீட்டில் இருக்கிறாரா என்பதை வைத்தியரிடம் சொல்லிவிட்டு அவரது யோசனையைக் கேளுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். 2018இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ என்ற மருத்துவ சஞ்சிகையில் அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன, கிட்டப் பார்வை குறைந்த 751 தொழிலாளர்கள். ஒரு சாராருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி உடனே கொடுக்கப்பட்டது. மறு சாராருக்கு ஆய்வு முடிந்த பின்னர். பறிப்புக் காலம் ஆகையால் பதினொரு வாரங்களில் இரு சாராரின் நிறையும் கூடியது. ஆனால் கண்ணாடி அணிந்தவர்களுடையது மற்றவர்களைவிட 21.7 சதவீதம் மேலதிகமாகக் கூடியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இது 30 சதவீதத்துக்கும் மேல். ஃபோகஸ் மாறுகிற அதிசய வில்லை எதுவும் அங்கே இல்லை. பெட்டிக் கடையில் தொங்கும் ரகக் கண்ணாடிதான்.

அசாம் சமவெளி, நமது மலை செங்குத்து. அங்குள்ள எண்ணை அப்படியே இங்கு ஒட்ட நான் தயாரில்லை. பாதியாக எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 18 கிலோ பறிக்கும் ஒருவருக்கு ஏறக்குறைய 2 கிலோ கூடும். மாதம் இருபது நாள் வேலை என்றால் 40 கிலோ பச்சைக் கொழுந்து. நாலரை கிலோவுக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்தால் ஒன்பது கிலோத் தேயிலை. கடந்த சில வருடங்களாகக் கொழும்பு ஏலத்தில் சராசரி விலை கிலோவுக்கு 1000 ரூபாவுக்கு மேலேயே நிற்கிறது. ஆக மாதம் சுமார் 9000 ரூபாவுக்குச் சரக்கு. மேலதிகக் கிலோவுக்குரிய கொடுப்பனவும் பெக்டரிச் செலவும் போகட்டும், ஒரு கண்ணாடியின் விலை முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும்.

1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது முதல், சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் கம்பனிகள் சொல்வது ஒரே வார்த்தை: உற்பத்தித்திறன். 2021இல் 1000 ரூபா ஆனபோதும் அதைத்தான் சொன்னார்கள், 2024 செப்டம்பரில் 1350 ஆனபோதும் அதைத்தான் சொன்னார்கள். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1750 என்று அறிவிக்கப்பட்டபோதும் பல்லவி மாறவில்லை. அவ்வளவு அக்கறை இருந்தால் நாற்பது தாண்டிய கொழுந்துப் பெண்கள் எத்தனை பேருக்குக் கிட்டப் பார்வை இருக்கிறது என்று பிரட்டுக்களத்தில் ஒரு காலை எண்ணிப் பார்க்கலாமே. முற்றிய இலை கலந்துவிட்டது என்று கூடையைக் கொட்டிக் காட்டித் திட்டும் கங்காணிக்கு, அந்த இலை அவள் கண்ணுக்கு முற்றலாகத் தெரியவில்லை என்பது தெரியுமா?

1992 என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதே வருடம்தான் மதுரையில் ‘அரோலேப்’ தொடங்கியது. அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்ற வைத்தியர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976இல் பதினொரு கட்டில்களுடன் ஆரம்பித்த அரவிந்த் கண் வைத்தியசாலையின் உற்பத்திப் பிரிவு அது. செயற்கை வில்லையை 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதல் ஒரு கண்ணில் வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் பாய்ந்த விமானக் கண்ணாடித் துண்டுகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்ததைக் கண்டு, அந்தப் பிளாஸ்டிக்கிலேயே செய்வித்தார். ஆனால் நாற்பது வருடங்களுக்குப் பிறகும் ஏழை நாட்டு நோயாளிக்கு அது எட்டாத பொருளாகவே இருந்தது. இறக்குமதி வில்லை ஒன்று நூறு டொலர் அளவில் விற்ற காலத்தில் மதுரைக்காரர்கள் அதைப் பத்து டொலருக்குக் கொண்டுவந்தார்கள், பின்னர் அதற்கும் கீழே. இன்று அந்த வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. தர்மத்துக்குக் கொடுத்த பொருள் அல்ல, இலாபத்துடன் விற்ற பொருள். விலையைக் குறைத்தால் தரம் குறையும் என்று சொல்லும் வியாபாரிகள் ஒருமுறை மதுரைக்குப் போய்வரலாம்.

ஆனால் மலிவு என்பதே சான்றிதழும் அல்ல. 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கிருமித்தொற்று ஏற்பட்டுப் பார்வை பாதிக்கப்பட்டதை மலையகம் மறக்கவில்லை. இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தே காரணம் என்று சுகாதாரத் துறையினர் கூறினர், மருந்து மீளப்பெறப்பட்டது. வில்லையிலும் கோளாறு இல்லை, வைத்தியர் கையிலும் கோளாறு இல்லை. அதன் பிறகு ‘கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் கண் வெட்ட மாட்டேன்’ என்று சொல்லும் முதியவர்களை நானே சந்தித்திருக்கிறேன். அந்தப் பயம்தான் இன்று விலையுயர்ந்த வில்லைக்கு மிகச் சிறந்த விற்பனை முகவர். கொள்வனவில் நடந்த ஒரு பிழைக்கு ஏழைக் குடும்பங்கள் அடகுக் கடையில் வட்டி கட்டுகின்றன.

கடைசியாக நமது சகோதரர்களுக்கு. மலையக நகரங்களில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். கண் பரிசோதனை முகாம் என்றால் பள்ளிவாசல் மண்டபத்திலோ பாடசாலையிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதாகை, படம், பத்திரிகைச் செய்தி. தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு இறங்கிவர முடிந்தவர்கள் மட்டும் வருவார்கள். அதை விட்டுவிட்டு, தகுதியுள்ள பரிசோதகர் ஒருவருடன் தோட்டத்துக்கே போங்கள். கிட்டப் பார்வைக் கண்ணாடியை நியாயமான இலாபத்துக்கு, பத்தாம் திகதிக் கணக்கில் இரண்டு தவணையாகக் கொடுங்கள். கண்புரை தெரிந்தவர்களைப் பெயர் எழுதி வைத்தியசாலைக்கு அனுப்புங்கள், அவர்கள் போனார்களா என்று அடுத்த மாதம் கேளுங்கள். பரிசோதிக்காமல் ‘இதைப் போட்டுப் பாரும்மா’ என்று இரண்டரைக் கண்ணாடியை நீட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். அந்தப் பவர் பூவேலைக்குச் சரி, கொழுந்துக்குக் கூடுதல். கைத்தூரத்துக்கு ஒன்றரை அளவிலேயே பலருக்குப் போதும். ஒரு தேயிலைக் கிளையைக் கடையில் வைத்துக்கொண்டு, கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள், மொட்டு தெரிகிறதா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.