'ஊருக்குத் திரும்பிப் போவீங்களா?': ஒரு வரிக் கேள்விக்கு ஏன் ஒரு வரியில் பதில் கிடைப்பதில்லை?

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குக் கணக்கெடுக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. கொரோனா காலத்தில் ஊர் வந்து சேர்ந்த தொழிலாளர்களிடமும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது. 'மறுபடியும் வேலைக்குப் போவீங்களா, இல்ல இங்கேயே இருந்துடுவீங்களா?'

கேட்க எளிதான கேள்விதான். ஆனால் கிடைக்கும் பதில்களை வைத்துத்தான் அரசுகள் வீடு கட்டலாமா, கப்பல் விடலாமா, குடியுரிமை கொடுக்கலாமா என்று முடிவு செய்கின்றன. பதில் தப்பாகப் பதிவானால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறிவிடும். தமிழர்கள் விஷயத்தில் அப்படி நடந்தும் இருக்கிறது.

இந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள், எப்போது கேட்கிறார்கள், பதிலை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும்? பார்க்கலாம்.

எதற்காகக் கேட்கிறார்கள்?

போர், கலவரம், வெள்ளம் என ஏதோ ஒரு காரணத்தால் ஊரை விட்டு வந்தவர்களிடம் 'திரும்பும் எண்ணம் உண்டா' என்று கேட்டு ஆய்வு நடத்துவது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. யுஎன்எச்சிஆர் எனப்படும் ஐ.நா. அகதிகள் முகமை இதைத் தொடர்ந்து செய்கிறது. எத்தனை பேர் திரும்புவார்கள் என்று தெரிந்தால்தான் அங்கே வீடு, பள்ளிக்கூடம், குடிநீர் எல்லாம் தயார் செய்ய முடியும்.

புலம்பெயர் தொழிலாளர்கள் விஷயத்திலும் இது தேவை. 2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் தமிழர்கள் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணக்கிட்டது. இதில் ஒரு பகுதியினர் திடீரென்று ஊர் திரும்பினால் அவர்களுக்கு வேலை எங்கே, கடனை அடைக்க வழி என்ன என்ற கேள்விகள் வரும்.

ஆக, கேட்பதில் தப்பில்லை. சிக்கல் வருவது கேட்கிற விதத்தில்தான்.

மங்களூர் பக்கம் 2020 மே மாதம் என்ன நடந்தது?

இது கர்நாடகத்தின் மங்களூர் இல்லை. செராமிக் தொழிலுக்குப் பெயர்போன விருத்தாசலத்துக்கு மேற்கே, கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடி பகுதியில் இருக்கும் மங்களூர் ஒன்றியம். மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் போடும் வறண்ட பகுதி. தாண்டினால் பெரம்பலூர் மாவட்டம். விளைச்சல் இல்லாத மாதங்களில் சென்னை, திருப்பூர், கேரளா என்று வேலைக்குக் கிளம்புவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவ, அங்கே மூட்டை தூக்கிய தொழிலாளர்கள் கிடைத்த லாரியில் ஏறி ஊருக்குத் திரும்பினார்கள். கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் மாவட்டங்களில் அடுத்தடுத்து பரிசோதனைகள் நடந்தன. மே 4 அன்று மட்டும் கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. மறுநாள் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது.

அந்த வாரத்தில், தனிமைப்படுத்தும் மையத்தில் இருந்த ஒருவரிடம் 'மறுபடி சென்னைக்குப் போவீங்களா' என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? 'செத்தாலும் போகமாட்டேன்' என்றுதான். அந்த நேரத்தில் அது உண்மையான பதில்.

ஆனால் செப்டம்பர் 18-லிருந்து கோயம்பேடு சந்தை படிப்படியாகத் திறந்தது. ஊரில் கூலி வேலை குறைவு, கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போகிறது, அங்கே மூட்டை தூக்க ஆள் தேவை. மே மாதம் சொன்ன பதிலைச் செப்டம்பரின் தேவை மாற்றிவிடும். அவர் பொய் சொல்லவில்லை, நிலைமைதான் மாறியது.

இதுதான் முதல் பாடம். திரும்பும் எண்ணம் என்பது அந்த நாளின் நிலைமையைப் பொறுத்தது. மே மாதப் பதிலை வைத்து டிசம்பர் மாதத்துக்குத் திட்டம் போட்டால் கணக்கு உதைக்கும்.

1964: கேட்பதற்கு முன்பே எண்ணிக்கை முடிவான கதை

இரண்டாவது பாடம் இலங்கை மலையகத்திலிருந்து வருகிறது.

தேயிலைத் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரர்கள் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்களின் வாரிசுகளை, 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக ஆக்கியது. அவர்களை என்ன செய்வது என்று முடிவெடுக்க 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள்.

கணக்கு இதுதான். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

சம்பந்தப்பட்ட மக்களிடம் 'உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம்' என்று கேட்டு இந்த எண் வரவில்லை. எண் முதலில் முடிவானது. விண்ணப்பம் பிறகுதான் வாங்கப்பட்டது. விண்ணப்பங்கள் வந்தபோது கணக்கு இடித்தது. இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கீட்டைவிடக் குறைவு. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கீட்டைவிட மிக அதிகம். பெரும்பாலானோர் பிறந்து வளர்ந்தது மலையகத்தில்தான் என்பதால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இருந்தும் லட்சக்கணக்கானோர் கப்பல் ஏற்றப்பட்டார்கள். இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பார்த்தே இராத ஊருக்குத் 'திரும்பினார்கள்'. நீலகிரியில் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் 1968-ல் தொடங்கப்பட்டது இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான்.

எண்ணை முதலில் எழுதிவிட்டுக் கேள்வியைப் பிறகு கேட்டால் அதற்குப் பெயர் ஆய்வு இல்லை.

1992: கையெழுத்து வாங்கினால் அது சம்மதமா?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத் தமிழர்கள் படகேறி வரத் தொடங்கினார்கள். 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை 3,04,269 பேர் வந்ததாக இந்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது.

1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் சூழல் மாறியது. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. 'அவங்களா விரும்பித்தான் போறாங்க' என்றது அரசுத் தரப்பு. ஆனால் சம்மதப் படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே பலருக்குத் தெரியவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின.

விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பழ.நெடுமாறன் தொடர்ந்த வழக்கில், சம்மதம் உண்மையானதுதானா என்று யுஎன்எச்சிஆர் அதிகாரிகள் சரிபார்க்க அனுமதிக்க வேண்டும் என்று கோரப்பட்டது. அந்த ஆண்டே யுஎன்எச்சிஆர் சென்னையில் பணியைத் தொடங்கியது. உலக அமைப்பு ஒன்று சரிபார்க்கும்போது, சம்மதம் உண்மையா இல்லையா என்று நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்று தீர்ப்பு வந்தது.

1995 மார்ச் வரை மொத்தம் 99,469 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதன்பிறகு அரசே ஏற்பாடு செய்து அனுப்புவது நின்றுபோனது. பிறகு திரும்பியவர்கள் தாங்களாகவோ யுஎன்எச்சிஆர் உதவியுடனோ போனவர்கள்.

மூன்றாவது பாடம் இங்கே இருக்கிறது. கேட்பவர் கையில் அதிகாரம் இருந்தால், 'ஆமா' என்ற பதிலுக்கு மதிப்புக் குறைவு.

இன்றைக்கு முகாமில் கேட்டால் என்ன பதில் வரும்?

2021-ல் வெளியான கணக்குப்படி, தமிழ்நாட்டில் 108 முகாம்களில் சுமார் 58,800 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்து வாழ்பவர்கள் சுமார் 34,000 பேர். கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி உள்ளிட்ட இடங்களில் முகாம்கள் உண்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 317.40 கோடி ரூபாய் மதிப்பில் திட்டங்களை அறிவித்தார். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனது. குடியுரிமை, நாடு திரும்புதல் உள்ளிட்ட நிரந்தரத் தீர்வுகளை ஆராய ஆலோசனைக் குழுவும் அமைக்கப்பட்டது.

இந்த முகாம்களில் ஒரே வீட்டுக்குள்ளேயே மூன்று விதமான பதில் வரும்.

தாத்தா, பாட்டிக்கு ஊர் நினைவு இருக்கிறது. 'கண்ணை மூடறதுக்குள்ள ஒருதடவை பார்க்கணும்' என்பார்கள். பார்க்க ஆசைப்படுவதும் குடியேற நினைப்பதும் வேறு வேறு.

நடுவயதுக்காரர்களுக்குக் கணக்குதான் முக்கியம். அங்கே காணி யார் கையில் இருக்கிறது? ராணுவம் விட்டுவிட்டதா? வீடு நிற்கிறதா? என்ன வேலை?

பிள்ளைகள் பிறந்ததே இங்கேதான். தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம், தமிழ்நாட்டு நண்பர்கள். அவர்களிடம் 'திரும்பிப் போவியா' என்று கேட்டால், 'எங்கே திரும்ப?' என்பதுதான் பதிலாக இருக்கும்.

முகாம்வாசிகளில் மலையக வம்சாவளியினரும் கணிசமாக இருக்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கிருந்து இந்தியாவுக்கு வந்த குடும்பங்களும் இதில் உண்டு. அவர்களுக்குச் சொந்த ஊர் எது என்பதிலேயே குழப்பம்.

கேள்வியைக் கேட்பது யார்?

முகாம்கள் வருவாய்த் துறையின் நிர்வாகத்திலும் காவல்துறையின் கியூ பிரிவு கண்காணிப்பிலும் இருப்பவை. தணிக்கை நாளில் ஆஜராகாவிட்டால் பதிவுக்கே சிக்கல். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை வருவதும் அந்தப் பதிவை வைத்துத்தான்.

இப்படி ஒரு இடத்தில் அதிகாரி வந்து கேட்டால், மனதில் ஓடும் கணக்கு வேறு. 'போறேன்னு சொன்னா பேரை வெட்டிடுவாங்களோ? போகலேன்னு சொன்னா பிரச்சினை ஆயிடுமோ?' பலரும் பாதுகாப்பான பதிலைத் தேடுவார்கள். 'எல்லாரும் என்ன சொல்றாங்களோ அதையே எழுதிக்கோங்க.'

ஒரு கைது, ஒரு உத்தரவு

2025-ல் நடந்த இரண்டு விஷயங்கள் இந்தப் பதில்களை எப்படி அசைக்கும் என்று பார்த்தாலே போதும்.

மே மாத இறுதியில், தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு யுஎன்எச்சிஆர் ஏற்பாட்டில் நாடு திரும்பிய முதியவர் ஒருவர், யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். காரணம், அந்தக் காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறியது. எதிர்ப்பு கிளம்பியதும், இது பழைய சட்டத்தின் விளைவு, மாற்றப்படும் என்று இலங்கை அரசுத் தரப்பு விளக்கம் கொடுத்தது. ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்த பிறகு, திரும்பத் தயாராக இருந்தவர்களும் ஒருமுறை யோசிப்பார்கள்.

செப்டம்பரில் இந்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9-ம் தேதி வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள், கடவுச்சீட்டோ விசாவோ இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். இது நிம்மதிதான். ஆனால் குடியுரிமை இல்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர்களுக்கு இடம் இல்லை.

அங்கே போனால் என்ன ஆகுமோ என்ற பயம், இங்கேயே இருந்தால் என்ன உரிமை கிடைக்கும் என்ற சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவரிடம் 'ஆமா, இல்லை' என்று இரண்டே கட்டம் போட்ட படிவத்தை நீட்டினால் எதை டிக் செய்வார்?

சிரியா காட்டிய வித்தியாசம்

வெளிநாட்டு உதாரணம் ஒன்று இதைத் தெளிவாக்கும். அண்டை நாடுகளில் வாழும் சிரிய அகதிகளிடம் யுஎன்எச்சிஆர் 2024-ல் கேட்டபோது, அடுத்த ஓராண்டுக்குள் திரும்புவோம் என்றவர்கள் வெறும் 1.7 சதவீதம். அந்த ஆண்டு டிசம்பர் 8-ல் பஷார் அல் அசாத் ஆட்சி கவிழ்ந்தது. 2025 ஜனவரியில் மறுபடி கேட்டபோது அது 27 சதவீதம். 'என்றைக்காவது ஒருநாள்' திரும்ப வேண்டும் என்றவர்கள் 80 சதவீதம்.

'ஒருநாள் போகணும்' என்பது 80. 'இந்த வருஷம் போவேன்' என்பது 27. இரண்டும் ஒரே ஆய்வில், ஒரே மக்கள் சொன்னது. இதில் எந்த எண்ணைத் தலைப்பில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து செய்தியே மாறிவிடும்.

அப்போ எப்படித்தான் கேட்கணும்?

- வீட்டில் ஒருவரிடம் கேட்டு எல்லோருக்கும் சேர்த்து எழுதக் கூடாது. பெண்கள், முதியவர்கள், இளைஞர்களிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.
- ஆசை, எண்ணம், தயார் நிலை மூன்றையும் பிரித்துக் கேட்க வேண்டும். 'எப்போது' என்பதும் கேள்வியில் இருக்க வேண்டும்.
- 'போவீங்களா' என்பதோடு 'என்ன இருந்தா போவீங்க' என்றும் கேட்க வேண்டும். காணி, வீடு, வேலை, பிள்ளைகளின் ஆவணம் எனப் பதில் வரும். அரசுக்கு உண்மையில் தேவைப்படும் தகவல் அதுதான்.
- இங்கேயே இருப்பதும் ஒரு பதிலாகப் படிவத்தில் இருக்க வேண்டும்.
- கேட்பவர் உதவித்தொகையை நிறுத்தவோ பெயரை வெட்டவோ அதிகாரம் உள்ளவராக இருக்கக் கூடாது. படிவம் தமிழில் இருக்க வேண்டும்.
- முடிவெடுக்கும் முன் ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வர வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பார்த்துவிட்டு 'வேணாம்' என்றால், திரும்பி வந்தபோது முகாம் பதிவு அப்படியே இருக்க வேண்டும்.
- ஒருமுறை கேட்டதோடு முடிக்காமல், நிலைமை மாறும்போது மறுபடி கேட்க வேண்டும்.

'இத்தனை சதவீதம் பேர் ஊர் திரும்ப விருப்பம்' என்று அடுத்த முறை ஒரு செய்தி வந்தால், எண்ணைப் பார்ப்பதற்கு முன் யார் கேட்டது, எப்போது கேட்டது, 'மாட்டேன்' என்று சொன்னவருக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். 'மாட்டேன்' என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற இடத்தில்தான் 'போறேன்' என்ற பதிலையும் நம்ப முடியும்.