இரண்டாம் பாகம் தீர்க்காத கடன்

மன்ற ஏட்டில் திரைப்படத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் விடுதியில் இரவு பத்து மணிக்குமேல் நாம் பேசுவதில் பாதி திரைப்படம்தானே! பேசத் தகுந்தது எழுதவும் தகுந்ததே. பேச்சில் உரத்த குரல் வெல்லும். எழுத்தில் காரணம் வேண்டும். அந்தத் துணிவோடு, ‘விஸ்வரூபம்’ என்னும் ஒற்றர் படத்தையும் அதன் இரண்டாம் பாகத்தையும் பற்றிச் சில சொற்கள்.

முதற்பாகம் 2013 ஆம் ஆண்டிலும், இரண்டாம் பாகம் 2018 ஆகஸ்டு 10 ஆம் நாளிலும் வெளிவந்தன. இரண்டையும் எழுதி, இயக்கி, நடித்தவர் கமல்ஹாசன். முதற்பாகத்தைப் பற்றி நாடே பேசிற்று. இரண்டாம் பாகமோ வந்த சுவடு தெரியாமல் போயிற்று. ஏன்?

“இரண்டாம் பாகம் என்றாலே அப்படித்தான்” என்பது விடையாகாது. 1962 இல் ‘டாக்டர் நோ’ வந்தது. மறு ஆண்டே ஜேம்ஸ்பாண்டின் இரண்டாம் படமான ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ வந்தது. முன்னதைவிடப் பின்னதே சிறந்தது என்பார் இன்றும் பலர். ஆகவே குறை அந்த வடிவத்தில் இல்லை. இரண்டாம் பாகம் என்பது ஒரு கடன். முதற்பாகம் எழுப்பிவிட்ட வினாவுக்கு விடை சொல்ல வேண்டிய கடன். ‘விஸ்வரூபம்’ அந்தக் கடனை இருமடங்காகப் பட்டிருந்தது. அதைத் தீர்க்கும் பொருளும் அதன் கையில் இருந்தது. இருந்தும் தீர்க்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

கதையைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். நியூயார்க்கில் கதக் நடனம் கற்பிக்கும் சாதுவான ஆசிரியர் விஸ்வநாதன். அவர் மனைவி நிருபமா, புற்றுநோய்க்குக் கதிரியக்க மருத்துவம் செய்பவள். கணவன்மீது ஐயங்கொண்டு அவள் ஆளை வைத்து வேவு பார்க்கப்போக, அவன் விசாம் அகமது என்னும் இந்திய ஒற்றன் என்பது வெளிப்படுகிறது. அவன் முன்பு ஆப்கானிஸ்தானில் ஓமர் என்பவனின் படையில் பயிற்சியாளனாகப் புகுந்து, அவன் வீட்டுப் பிள்ளைகளோடும் பழகியவன். அந்த ஓமர் நியூயார்க்கில் சீசியம் குண்டு வெடிக்கத் திட்டமிடுகிறான். குண்டு வெடிக்காமல் தடுக்கப்படுகிறது, ஓமர் தப்பிவிடுகிறான். அத்துடன் முதற்பாகம் நிற்கிறது.

இயற்பியல் படிப்பவன் என்ற முறையில் இப்படத்தின் நுணுக்கத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. மருத்துவமனைப் பொருளான சீசியம் ஊரையே நடுங்க வைக்கும் என்பது வெறுங்கற்பனையன்று. 1987 இல் பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட கதிர் மருத்துவப் பொறியிலிருந்து வெளிப்பட்ட சீசியம் 137 நால்வர் உயிரைக் குடித்தது. நிருபமா மைக்ரோவேவ் அடுப்பைக் கவிழ்த்துக் கைப்பேசியின் அலையைத் தடுக்கும் காட்சியும் ‘ஃபாரடே கூண்டு’ என்று நாம் படித்த பாடமே. உண்மையில் பல அடுப்புகளுக்குள் வைத்த கைப்பேசியும் மணியடிக்கத்தான் செய்யும். அந்தச் சிறு பிழையை மன்னித்துவிடலாம். தமிழ்ப் படத்தில் ஒரு பெண் தன் படிப்பால் ஊரைக் காக்கிறாள் அன்றோ! அதுவே பெரிது.

இனி, முதற்பாகம் எழுப்பிய வினாக்களுக்கு வருவோம்.

ஒன்று கதைக்குள் இருக்கிறது. ஓமரின் மகன் ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டே தோட்டாவைத் தொட்டு அதன் அளவைச் சொல்லுகிறான். மற்றொருவன் டாக்டராக விரும்புகிறான். ஒற்றாடலுக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், துறவி வேடத்திலும் ஒற்றன் செல்வான் என்று கூறியிருக்கிறார். ஆனால் ஒரு வீட்டில் உண்டு, அந்த வீட்டுக் குழந்தைகளின் அன்பைப் பெற்று, அந்த வீட்டுக்கே குண்டு விழ வழிகாட்டுகிறவன் நெஞ்சில் என்ன நடக்கும்? அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? இவ்வினாவுக்கு இரண்டாம் பாகம் கடன்பட்டிருந்தது.

மற்றொன்று வெளியே எழுந்தது. இசுலாமியரைத் தவறாகக் காட்டுகிறது என்று சில அமைப்புகள் எதிர்த்தன. 2013 ஜனவரியில் தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர்கள், அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144 ஆம் பிரிவைக் கொண்டு 15 நாள் தடை விதித்தார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி தடையை நிறுத்தினார். மறுநாளே இரு நீதிபதிகள் அடங்கிய ஆயம் அதை மீண்டும் நிலைநாட்டிற்று. சொத்தை அடகு வைத்துப் படம் எடுத்ததாகச் சொன்ன கமல்ஹாசன், நாட்டை விட்டே போக நேரலாம் என்று கலங்கிப் பேசினார். இறுதியில் ஏழு இடங்களில் ஒலியை அடக்க உடன்பட்ட பிறகு, பிப்ரவரி 7 ஆம் நாள் தமிழ்நாட்டில் படம் வெளிவந்தது.

அந்த இரு வாரங்களில் எல்லையோர ஊர்களுக்குத் திடீர் மதிப்பு வந்தது. தமிழ்நாட்டார் ஆந்திரத்துக்கும் கேரளத்துக்கும் போய்ப் படம் பார்த்தனர். பிழைப்புக்காகச் சித்தூரில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அப்போது எனக்குப் பதினோரு வயது. பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்க்காத வேலூர் உறவினர் இருவர் அந்த வாரம் பேருந்தேறி வந்துவிட்டார்கள். தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாதவர்கள் தெலுங்குப் பேச்சோடு ஓடிய படத்தைப் பார்த்துவிட்டு, “ஒன்றுமே தப்பாக இல்லையே!” என்றார்கள். புரியாத மொழியில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு! தடை செய்த பயன் அதுதான். பார்க்க வேண்டாம் என்றதால் பார்த்தார்கள். சிந்திக்க வேண்டியதை மட்டும் ஒருவரும் சிந்திக்கவில்லை.

தடை தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தடை தவறானதால் மனக்குறையும் பொய் என்று ஆகிவிடுமா? என்னோடு ஆய்வுக்கூடத்தில் பயிலும் வாணியம்பாடி நண்பர் ஒருவர், இசுலாமியர், ஒருநாள் என்னைக் கேட்டார்: “படத்தில் நல்ல முஸ்லிம் ஒருவன் இருக்கிறான், சரி. அவனும் விஸ்வநாதன் என்று வேடம் போட்டுக்கொண்டுதான் வர வேண்டுமா, தம்பி?” உரக்கக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் விடை தேடித் தடுமாறினேன். இந்தக் கேள்விக்கு ஆட்சியரின் ஆணை விடையாகாது. ஒலியை அடக்குவதும் விடையாகாது. கதை எழுப்பிய வினாவுக்குக் கதைதான் விடை கூற வேண்டும். அந்த இடம் இரண்டாம் பாகம்.

இரண்டாம் பாகம் என்ன செய்தது? அதன் ஒரு பகுதி முதற்பாகத்தோடு சேர்த்தே எடுக்கப்பட்டது. பிறகு பணமுடையால் பல ஆண்டுகள் கிடந்து, 2017 இல் மீண்டும் உயிர்பெற்றது. சங்கர், எசான், லாய் மூவர் தந்த இசைக்குப் பதில் ஜிப்ரானின் இசை வந்தது. கதை முன்னும் பின்னும் தாவுகிறது. முதலில் இங்கிலாந்து, உலகப்போரில் மூழ்கிய கப்பலின் வெடிபொருளால் இலண்டனை அழிக்கும் சதி. (தேம்ஸ் முகத்துவாரத்தில் 1944 இல் தரைதட்டிய ‘ரிச்சர்டு மாண்ட்கோமரி’ என்னும் கப்பல் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளோடு இன்றும் கிடக்கிறது. எனவே இதுவும் நல்ல கருவே.) பிறகு தில்லி, அங்கும் குண்டுகள். நினைவிழந்த தாயாக வகீதா ரகுமான் வரும் காட்சி கண்ணை நனைக்கிறது. பெற்ற மகனைத் தாய் அறியவில்லை! வேடம் போட்டே வாழ்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா?

எல்லாம் முடிந்து கடைசி நிமிடங்களில்தான் அந்தப் பொன்னான செய்தி வருகிறது. ஓமரின் பிள்ளைகள் இறக்கவில்லை. விசாம் அவர்களைக் காப்பாற்றி வாழவைத்திருக்கிறான். இதுவன்றோ கதை! பகைவன் வீட்டுச் சோற்றுக்குப் பட்ட கடனை அவன் பிள்ளைகளைக் காத்துத் தீர்த்தான் ஒருவன். வெறுப்புக்கு மாற்று இது என்று சொல்லும் வாய்ப்பும், என் நண்பரின் கேள்விக்கு வேடமில்லாத விடையும் இதிலேயே இருந்தன. ஆனால் இரண்டரை மணி நேரப் படத்தில் இதற்குக் கிடைத்தது சில நிமிடங்களே. விருந்தினர் கைகழுவி எழுந்த பிறகு பாயசம் பரிமாறியதுபோல் ஆயிற்று.

ஐந்தாண்டுத் தாமதமே தோல்விக்குக் காரணம் என்பாரும் உளர். அன்று கலைஞர் மறைந்து மூன்று நாளே ஆகியிருந்தது. தமிழ்நாடு துயரில் இருந்தது என்பதையும் ஒப்புகிறேன். ஆனால் 1986 இல் வந்த ‘விக்ரம்’ என்னும் ஒற்றன் 36 ஆண்டு கழித்து 2022 இல் திரும்பி வந்தபோது மக்கள் திரண்டு வரவேற்றார்களே! மகனை இழந்த தந்தை பேரக்குழந்தையைக் காப்பானா என்ற ஒரே வினாவை அப்படம் இறுதிவரை கைவிடவில்லை. ‘விஸ்வரூபம்’ இரண்டாம் பாகத்துக்கு ஒரே வாரம் முன்னால் வந்த ‘கூடசாரி’ என்னும் தெலுங்கு ஒற்றர் படத்தையும் எண்ணிப் பாருங்கள். அதில் மூழ்கிய கப்பல் இல்லை, பெருஞ்செலவும் இல்லை. தந்தைக்கு என்ன நேர்ந்தது என்று தேடும் மகன் இருந்தான். ஆந்திரமெங்கும் அது வெற்றி பெற்றது.

ஆகவே தோழர்களே, குறும்படத்துக்குக் கதை எழுதும் கனவோடு நம்மிடையே இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளுங்கள். குண்டு எத்தனை என்று எண்ணுமுன், எந்த வினாவுக்கு விடை சொல்லப்போகிறோம் என்று கேளுங்கள். விடை கையில் இருந்தால் அதைக் கடைசிக் காட்சிக்கென்று ஒளித்து வைக்காதீர்கள். படம் பார்ப்பவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு படம் தடை செய்யப்படும்போது அதன் உரிமைக்காகக் குரல் கொடுப்போம். குரல் கொடுத்த பின், அந்தப் படத்தால் மனம் நொந்தவன் பக்கத்து அறையில் இருக்கிறானா என்றும் பார்ப்போம். இருந்தால் அவன் சொல்லுவதை ஒருமுறை அமைதியாகக் கேட்போம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.