சிலுவைப் பாதை எந்தத் தெரு வரை?

மேல்சித்தாமூர், திண்டிவனம் வட்டாரத்தில் தவக்காலச் சிலுவைப் பாதை நடந்துவருகிறது. 14 நிலைகள். அவற்றில் ஒன்றாவது காலனித் தெருவில் நிற்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எறையூரை நாம் மறக்கவில்லை. அன்று அது நம் விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. ஜெபமாலை மாதா கோயிலில் தலித்துகளுக்குத் தனி இடம், இறந்தால் தனிக் கல்லறை, சவ ஊர்வலத்துக்குத் தனி வழி. பொறுக்க முடியாமல்தான் அவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9, தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தனர். இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அந்த உயிர்களுக்காகவும் வருந்துகிறோம். ஒரு மாதத்துக்கு முன்புதான் விபூதிப் புதன் வந்துபோயிருந்தது.

இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. நல்லது. அது எத்தனை பங்குகளில் வாசிக்கப்பட்டது? கிறிஸ்தவர் என்பதால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. கோயிலுக்குள் வந்தாலோ சாதி அப்படியே இருக்கிறது!

பெரிய வியாழனன்று பங்குத்தந்தை 12 பேரின் பாதங்களைக் கழுவுவார். பெயர்ப் பட்டியல் தயாராகும்போதே பங்குப் பேரவையில் கேளுங்கள்: காலனியிலிருந்து எத்தனை பேர்? பெண்கள் எத்தனை பேர்? (2016 முதல் ரோமே அனுமதித்திருக்கிறது.) குருத்து ஞாயிறு பவனி எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.