தறி உணர்த்துவதைக் கல்லூரி மறைப்பதா?

காஞ்சிப் பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டுப் பிள்ளையொருவன் பன்னிரண்டாம் வகுப்புவரை அலைநீளம், அதிர்வெண், வீச்சு என்று தமிழிலேயே இயற்பியல் கற்றுத் தேர்கின்றான். பொறியியற் கல்லூரிக்குள் கால்வைத்ததும் அவன் ஊமையாக்கப்படுகின்றான். 'எண்மக் குறிகைச் செயலாக்கம்' என்னும் பாடம் ஆங்கிலத்தில் அவன்முன் வைக்கப்படுகின்றது. விளங்காததை உருப்போடுகின்றான்; தேர்வெழுதியதும் மறக்கின்றான். குறை அவன் அறிவிலா, அவனுக்கு மறுக்கப்பட்ட மொழியிலா?

அப்பாடத்தின் கருத்து அவனுக்குப் புதியதன்று. பட்டுச்சேலையின் முந்தியில் மாங்காய் உரு அமையவேண்டின், அதனை முதலிற் கட்டத்தாளில் வரைவர். வளைந்தோடும் கோடு சிறுசிறு கட்டங்களாகப் பகுபடும். நிறைந்த கட்டத்திற்கு அட்டையில் துளையிடுவர். வெற்றுக் கட்டத்திற்கு இடார். துளையுள்ளவிடத்துப் பாவிழை எழும், இல்லாவிடத்துக் கிடக்கும். பிரெஞ்சு நாட்டுச் சக்கார்டு 1804-இல் அமைத்த பொறியின் முறை இது. தொடர்ந்தோடும் ஒன்றைக் கூறுகளாக்கி, ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளால் எழுதுவதன்றி, எண்மக் குறிகையியலின் அடிப்படை வேறென்ன?

கட்டம் பெரிதானால் மாங்காயின் நுண்வரி சிதைந்து, வரையாத உருவொன்று தோன்றும். ஒலிக்கும் இஃதே நெறி. ஒலியிலுள்ள மிகவுயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்கிற்கு மேலாக நொடிதோறும் கூறெடுத்தல் வேண்டும். குறைத்தெடுப்பின், இல்லாத அலை இருப்பதாகப் பொய்த்தோற்றம் காட்டும். எண்மத் தொலைபேசியின் அடிப்படை முறையில், ஏறத்தாழ 3,400 அதிர்வுவரை உள்ள குரலினின்று நொடிக்கு 8,000 கூறுகள் எடுக்கப்படுவது இதனாலேயே. கூறொன்றுக்கு 8 இருமக் குறிகளாக, நொடிக்கு 64,000 குறிகளாய்க் குரல் செல்கின்றது. இவற்றுள் எதனைத் தமிழிற் சொல்ல முடியவில்லை?

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860-களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். தமிழில் மருத்துவ நூல்களும் வெளியிட்டார். அயலவர் ஒருவர்க்கு அன்றே இயன்றது, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இன்று இயலாதா? 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது குடிசார் பொறியியல், எந்திரப் பொறியியல் ஆகிய இரண்டிற்கே கதவு திறந்தது, மின்னணுவியலுக்குத் திறக்கவில்லை. அப்பல்கலைக்கழகம் தாங்கியிருப்பதோ, காஞ்சி ஈன்ற அறிஞர் அண்ணாவின் பெயர்!

'வேலை ஆங்கிலத்திலன்றோ கிடைக்கின்றது?' என்பர் சிலர். சப்பானியரும் கொரியரும் தத்தம் மொழியிற் கற்றே மின்னணுத் தொழிலில் முன்னிற்கின்றனர். வேலைக்கு வேண்டிய ஆங்கிலத்தை மொழியாகக் கற்பிக்கலாம்; அதன் பொருட்டு அறிவின் வாயிலை அடைக்க வேண்டா.

தமிழ்ப்பாடநூல், தமிழில் விளக்கும் ஆசிரியர், தமிழிலும் வினவும் தேர்வுத்தாள் ஆகிய மூன்றும் மின்னணுவியலுக்கு வந்தாக வேண்டும். நூல் எழுதும் வரை காத்திராமல், தமிழறிந்த ஆசிரியர் நாளைய வகுப்பிலேயே கட்டத்தாளைக் கரும்பலகையில் வரைந்து தொடங்குக! தறியொலி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எஞ்சியது தானே விளங்கும்.