மேட்டில் டிரக்டர் நின்றால் குற்றம் டிரைவருடையதா?

போன கச்சான் காலத்தில் வெலிமடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த விஷயம் இது. மடுவத்தில் பகல் கொழுந்து நிறுத்து முடிந்து, சாக்குகளை ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் புறப்பட்ட டிரக்டர், மேட்டு முடக்கில் இருமி இருமி நின்றுவிட்டது. பின்பெட்டியில் சாக்குகளின் மேல் ஏழெட்டுப் பெண்கள். டிரைவர் இறங்கிப் பார்த்து, "பில்டர் அடைச்சிருக்கு, எயார் இழுத்திருக்கு" என்றார். போனில் வந்த கட்டளை வேறு: "பின்னுக்கு உருட்டி ரிவர்ஸ்ல ஸ்டார்ட் பண்ணு." டிரைவர் மறுத்தார். பெண்களை இறக்கிவிட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்தார்.

தோட்டத்தில் மாற்று பில்டர் இல்லை. டவுனிலிருந்து வரும்வரை கொழுந்து சாக்கிலேயே சூடேறிச் சிவந்தது. அடுத்த நாள் டிரைவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கெட்டுப்போன கொழுந்துக்காகக் கொய்தவர்களின் கிலோவிலும் கை வைக்கப் பார்த்தார்கள்.

அந்த டிரைவர் செய்தது சரி என்பதே எமது கருத்து. ஏன் சரி என்பதை டிரைவர்கள் மட்டுமல்ல, அந்தப் பெட்டியில் ஏறிப் போகும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

லயத்துக்குப் பீலித் தண்ணீர் வரும் குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? மேலே ஊற்றில் தண்ணீர் இருக்கும், கீழே குழாய் சீறும், குடம் நிறையாது. டீசல் எஞ்சினிலும் அதுதான் கதை. இன்ஜெக்டர் திறக்க வேண்டுமென்றால், காற்று மண்டல அழுத்தத்தைப்போல் 150 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் வந்து முட்ட வேண்டும். டீசலை அமுக்கினால் அது சுருங்காது. அந்த வேகம் அப்படியே இன்ஜெக்டருக்குப் போகும். காற்று அப்படியல்ல. அமுக்க அமுக்கச் சுருங்கும். பம்ப் எவ்வளவு அடித்தாலும் இன்ஜெக்டர் திறக்காது. ஆகவே உருட்டினாலும் தள்ளினாலும் அந்தக் காற்று வெளியே போகப்போவதில்லை. பாரம் ஏற்றிய பெட்டியோடு பின்னுக்கு உருளும் டிரக்டர் மடங்கிக் கவிழ்ந்தால் போவது உயிர்தான்.

எயார் எடுப்பது பெரிய வித்தையும் அல்ல. முதலில் வண்டி அசையாதபடி பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். டேங்க் டெப்பை மூடி, பில்டரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே கழற்ற வேண்டும். பழைய ரப்பர் வளையம் மேல்மூடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் புதியதைப் போட்டால் அந்த இடத்தாலேயே மறுபடியும் காற்று போகும். பில்டரைப் பூட்டி டெப்பைத் திறந்து, பில்டரின் மேலுள்ள எயார் ஸ்குரூவை இளக்கிவிட்டு, பீட் பம்பின் கைப்பிடியை அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். குமிழியில்லாமல் டீசல் வரும்போது ஸ்குரூவை இறுக்க வேண்டும். கைப்பிடி கனமில்லாமல் சும்மா ஆடினால், எஞ்சினைக் கொஞ்சம் சுற்றவிட்டு மறுபடி அடிக்கலாம். அடுத்து டீசல் பம்பிலுள்ள ஸ்குரூ. கடைசியாக இன்ஜெக்டர் பைப்புகளின் நட். மாசி பெர்குசன் 240 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் அந்த நட் மூன்று. டேங்கிலிருந்து டீசல் போகும் அதே வரிசையில் வேலையும் போக வேண்டும். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் நெடுநேரம் சுற்றினால் பெட்டரியும் போகும், ஸ்டார்ட்டரும் போகும்.

இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது. டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையில் வெடிப்பு இருந்தால் சில வேளை வெளியே ஒரு சொட்டுக்கூட வடியாது. உள்ளே காற்றை மட்டும் இழுக்கும். எயார் எடுத்தும் மறுநாள் வண்டி நின்றால் அந்த பைப்பைத்தான் பார்க்க வேண்டும். மற்றது, எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

பில்டர் ஏன் அடைக்கிறது? டேங்கின் அடியில் மண்ணும் தண்ணீரும் சேருவதால். எமது மலையில் இரவுக் குளிருக்கு, பாதி காலியான டேங்கின் உட்பக்கம் வியர்த்து, அந்தத் தண்ணீர் அடியில் இறங்கும். 2022 எரிபொருள் நெருக்கடியை யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்த ஜூன் மாதம் 26 ஆம் திகதி ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 460 ரூபாவானது. வரிசையில் நாள்கணக்கில் நின்ற காலம் அது. டேங்கின் அடிமண்டி வரை ஓட்டினோம், கிடைத்த கேனில் கிடைத்ததை ஊற்றினோம். அன்றைக்கு வேறு வழியில்லை. வரிசை போய்விட்டது, ஆனால் "ஓடும்வரை ஓடட்டும்" என்ற பழக்கம் பல இடங்களில் போகவில்லை.

இதில் எம் பக்கத்துத் தவறும் உண்டு. வடிகட்டாமல் டீசல் ஊற்றுவதும், காலையில் பில்டர் அடியிலுள்ள தண்ணீரைத் திறந்துவிடாமல் வண்டியை எடுப்பதும் எமது ஆட்களே செய்வதுதான். அதைத் திருத்திக்கொள்ள வேண்டியது நாம். ஆனால் பில்டர் வாங்கித் தருவது டிரைவரின் சம்பளத்திலிருந்து அல்ல. கேட்ட பில்டரை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு, வண்டி நின்றதும் டிரைவருக்குக் கடிதம் கொடுப்பது நியாயமில்லை. நிறுத்து முடிந்த கொழுந்து தோட்டத்தின் பொறுப்பு. சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் கழிக்க 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் இடம் தரவில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தால் நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது அடிபட்ட பிறகு வரும் காசு. எமக்கு வேண்டியது அடிபடாமல் வீடு வருவது.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த பேச்சுவார்த்தையில் இவற்றைக் கேட்க வேண்டும் என்கிறோம். ஒவ்வொரு டிரக்டருக்கும் ஒரு மாற்று பில்டரும் வளையங்களும் எப்போதும் ஸ்டோரில் இருக்க வேண்டும். பில்டர் மாற்றிய திகதியையும் வண்டி ஓடிய மணித்தியாலத்தையும் எழுத ஒரு புத்தகம் வேண்டும். டிரைவர் குறை சொன்னால் அதிலேயே எழுதி, பொறுப்பானவர் கையெழுத்து வைக்க வேண்டும். கொழுந்துச் சாக்கின் மேல் ஆளை ஏற்றுவதும், பாரத்தோடு உருட்டி ஸ்டார்ட் பண்ணச் சொல்வதும் நிற்க வேண்டும். மறுக்கும் டிரைவரைத் தண்டிக்கக்கூடாது.

கடைசியாக, தொழில் தெரிந்தவனுக்கு அதற்கான கடதாசி வேண்டும். இருபது வருடம் வண்டியோடு கிடந்து, சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லும் ஆட்கள் எம்மிடம் இருக்கிறார்கள். தோட்டக் கணக்கில் அவர்கள் இன்றும் வெறும் டிரைவர், கிளீனர்தான். பள்ளிக்கூடம் போகாமல் வேலையில் கற்ற தொழிலுக்கும், திறமையைச் சோதித்து என்.வி.க்யூ. சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு எமது நாட்டில் உண்டு. அதற்கு விண்ணப்பிக்க அவர்களுக்குச் சம்பளத்தோடு நாள் கொடுக்கச் சொல்லிக் கேட்போம். சாதாரண தரம் எழுதிவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகக் காத்திருக்கும் எமது பிள்ளைகளை, லீவு நாளில் அந்த அண்ணன்மார் பக்கத்தில் நிற்க வைப்போம்.

விளக்கக் கடிதம் வந்த டிரைவருக்குப் பதில் எழுதிக் கொடுத்தது நாம்தான். அதில் முதல் வரியாக, பில்டர் வேண்டுமென்று அவர் எத்தனை தடவை கேட்டார் என்று எழுதினோம். அவர் வாயால் கேட்டதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியிருந்தது. இனி வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கேளுங்கள், ஒரு பிரதியைத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள்.